அகார் அகாரில் நிறம் ஏன் கசிகிறது, தேங்காய்ப்பால் ஏன் பிரிகிறது?

மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாமில் வீட்டிலேயே அகார் அகாரும் (கடல்பாசி ஜெல்லி) பாட்டில் பானமும் செய்து பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும் ஒரு சகோதரியின் கேள்வி இது. சிவப்பும் வெள்ளையுமாக அடுக்கி ஊற்றும் அகார் அகாரில், மறுநாள் காலைக்குள் சிவப்பு வெள்ளைக்குள் இறங்கிவிடுகிறது. பாண்டான் பச்சை அப்படி இறங்குவதில்லை. அகார் தூளை இரண்டு மடங்கு போட்டுப் பார்த்தும் பயனில்லை. அடுத்தது, தேங்காய்ப்பால் பானம். பிரியாமல் இருக்கட்டும் என்று சாந்தன் கம் என்ற கெட்டிப்படுத்தும் தூளை ஒரு சிட்டிகை போட்டால், போடாத பாட்டிலைவிட அது சீக்கிரம் பிரிகிறது. மூன்றாவது, லீமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை) பிழிந்த அகார் அகார் சில நாள் உறைவதே இல்லை. இந்த மூன்றுக்கும் தொடர்பு உண்டா என்று கேட்கிறார்.

உண்டு. மூன்றிலும் மூலக்கூறின் அளவுதான் விளையாடுகிறது. ஆனால் "பெரியது மெதுவாகப் போகும், சின்னது வேகமாகப் போகும்" என்று நிறுத்திக்கொண்டால் இரண்டாவது கேள்விக்குப் பதில் கிடைக்காது. ஜெல்லிக்குள் என்றால், அந்த அளவு எந்த இடைவெளியைக் கடக்க வேண்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பானத்துக்குள் என்றால், அந்த அளவுள்ள மூலக்கூறு எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கொஞ்சமாக இருந்தால் கெடுப்பதும் நிறைய இருந்தால் காப்பதும் ஒரே பொருள்தான்.

முதலில் நிறம். அகார் அகார் பார்க்கக் கெட்டியாக இருக்கிறது, வெட்டினால் துண்டாக நிற்கிறது. ஆனால் அதில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் தண்ணீரும் சர்க்கரையும்தான். கடல்பாசியிலிருந்து வரும் நீண்ட சங்கிலிகள் இரண்டிரண்டாக முறுக்கிக்கொண்டு, பிறகு கற்றைகளாகச் சேர்ந்து, ஒரு வலை கட்டுகின்றன. ஒரு சதவீதம், ஒன்றரை சதவீதம் தூள் போட்ட ஜெல்லியில் அந்த வலையின் கண்கள் சுமார் 100 நானோமீட்டர் அகலம். கடையில் வாங்கும் சிவப்புச் சாயத்தின் மூலக்கூறு எடை 500 பக்கம், அகலம் ஒரு நானோமீட்டர் சுற்றுவட்டாரம். நூறு பேர் தோளோடு தோள் நின்றால்தான் நிரம்பும் வாசல் வழியாக ஒருவர் மட்டும் நடந்து போகிற கதைதான். தூளை இரட்டிப்பாக்கினால் வாசல் கொஞ்சம் குறுகும், அவ்வளவுதான். நடப்பவருக்கு அது தெரியக்கூடத் தெரியாது. உங்கள் வாயில் ஜெல்லி கடினமாகும், சாயம் தன் வழியில் போய்க்கொண்டிருக்கும்.

இதை 1861இலேயே தாமஸ் கிரகாம் என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர் கவனித்திருக்கிறார். உப்பு போன்ற சின்னப் பொருள்கள் ஜெல்லிக்குள் பரவும் வேகம், வெறும் தண்ணீரில் பரவும் வேகத்தைவிட அதிகம் குறைவதில்லை. கைக்குக் கெட்டியாக இருப்பது மூலக்கூறுக்குக் கெட்டி இல்லை.

எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் போகும் என்று ஒரு கணக்கு போடலாம். இந்த அளவுச் சாயம் ஒரு மில்லிமீட்டர் பரவ ஏறத்தாழ இருபது நிமிடம் போதும். ஒரு சென்டிமீட்டர் பரவ ஒன்றரை நாள் ஆகும். தூரம் பத்து மடங்கு என்றால் நேரம் நூறு மடங்கு. பரவலின் குணம் அது. அடுக்குகளுக்கு நடுவே உள்ள கோடு ஊற்றிய அரை மணியிலேயே மங்குவதும், அதே சமயம் தடிமனான வெள்ளை அடுக்கின் அடிப்பக்கம் மறுநாளும் வெள்ளையாக நிற்பதும் இதனால்தான். நீங்கள் அடுக்கை அரை சென்டிமீட்டருக்கு ஊற்றுகிறீர்கள் என்றால், மறுநாள் காலையில் பாதி ரோஜா நிறமாக இருப்பதில் ஆச்சரியமே இல்லை.

குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால்? நம் ஊர் 30 டிகிரியிலிருந்து 4 டிகிரிக்கு இறக்கினால் வேகம் சுமார் பாதியாகும். தண்ணீரே கொஞ்சம் கெட்டிப்படுவதுதான் முக்கியக் காரணம். பாதிதான், நின்றுவிடாது. ராத்திரி முழுக்க வைத்தால் கசிவு கசிவுதான்.

சரி, சாயத்தைவிடப் பெரிய மூலக்கூறு போட்டால் நிற்குமா? அதுவும் நினைக்கிற அளவுக்கு இல்லை. எடை ஆயிரம் மடங்கு கூடினாலும், உருண்டையான மூலக்கூறின் அகலம் பத்து மடங்குதான் கூடும். பரவும் வேகமும் பத்தில் ஒன்றாகத்தான் குறையும். இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினின் எடை 64,500. சாயத்தைவிட நூறு மடங்குக்கு மேல் கனம், ஆனால் தண்ணீரில் பரவும் வேகம் ஐந்தாறு மடங்குதான் குறைவு. நம் உடம்பின் ஆன்டிபாடிகள் ஒன்றரை லட்சம் எடையுள்ளவை. அவையே அகார் ஜெல்லிக்குள் தாராளமாக ஊடுருவும். 1948இல் ஓக்டர்லோனி என்ற சுவீடன் நாட்டவர் இதை வைத்தே ஒரு பரிசோதனை முறையை உருவாக்கினார். ஜெல்லியில் இரண்டு குழி வெட்டி, ஒன்றில் ஆன்டிபாடி, இன்னொன்றில் அது பிடிக்கும் பொருள் ஊற்றினால், இரண்டும் நடந்து வந்து சந்திக்கும் இடத்தில் வெள்ளைக் கோடு விழும்.

அகாரைத் தடையாக நம்பினால் ஏமாற்றம்தான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. வலையின் கண்ணுக்குச் சமமாகவோ பெரியதாகவோ இருக்கும் பொருள்தான் நிற்கும். மரபணு ஆய்வகங்களில் டிஎன்ஏ துண்டுகளை அளவுவாரியாகப் பிரிக்க, அகாரிலிருந்து எடுக்கும் அகாரோஸில் ஜெல் ஊற்றுவது இந்த எல்லையைப் பயன்படுத்திக்கொள்வதற்குத்தான். சில நூறு முதல் பத்தாயிரம் எழுத்து நீளம் வரை துண்டுகள் அழகாகப் பிரியும், சின்னது முன்னே ஓடும், நீளமானது பின்தங்கும். இருபதாயிரம், முப்பதாயிரம் தாண்டிவிட்டால் எல்லாம் பாம்பாக நீண்டு, தலை போன வழியே உடலும் போய், ஏறக்குறைய ஒரே வேகத்தில் நகரும். பிறகு எவ்வளவு நேரம் ஓடவிட்டாலும் பிரியாது. இந்த நெளிந்து நகரும் நடைக்கு 1971இல் கணக்கு எழுதியவர் பிரெஞ்சு இயற்பியலாளர் பியர்-ஜில் தெ ஜென். 1991இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த அகார் ஆய்வகத்துக்குப் போன வழியில் நம் பக்கத்துக்கும் ஒரு பங்கு உண்டு. 1881 வாக்கில் ஜெர்மனியில் வால்டர் ஹெஸ்ஸே என்ற மருத்துவர் கிருமி வளர்க்க ஜெலட்டின் ஊற்றிவைப்பார், வெயில் காலத்தில் அது உருகிவிடும். அவர் மனைவி ஃபேனி வீட்டு ஜெல்லிக்குப் பயன்படுத்திய அகாரைச் சொல்லிக்கொடுத்தார். ஃபேனிக்கு அதைச் சொன்னது ஜாவாவில் வாழ்ந்து திரும்பிய ஒரு டச்சுக் குடும்பம். ஜெலட்டின் 30 டிகிரி தாண்டினாலே தளரும். அகார் 85 டிகிரி பக்கம் போனால்தான் உருகும். நம்மூர்ச் சந்தையில் மேசை மேல் நிற்க வேண்டுமென்றால் வேறு வழியும் இல்லை.

பாண்டானுக்கு வருவோம். இலையை அரைத்துப் பிழிந்த சாற்றில் பச்சை நிறம் தண்ணீரில் கரைந்து கிடப்பதில்லை. குளோரோஃபில் தண்ணீருக்கு ஆகாதது. இலைச் செல்லின் சவ்வுத் துணுக்குகளோடு ஒட்டிக்கொண்டுதான் வரும். அந்தத் துணுக்குகள் வலையின் கண்ணைவிட மிகப் பெரியவை. ஜெல்லி உறைந்ததும் அங்கேயே சிறைப்பட்டுவிடும். அதே பச்சையை நீங்கள் குப்பியில் வரும் பாண்டான் எசென்ஸிலிருந்து எடுத்தால் சிவப்பைப் போலவே கசியும். அதில் இருப்பது பெரும்பாலும் மஞ்சளும் நீலமும் கலந்த கரையும் சாயம். சங்குப்பூ நீலமும் கசியும், ஏனென்றால் அதன் மூலக்கூறு சாயத்தைவிடச் சில மடங்கு கனம் என்றாலும் வாசலுக்கு அது சின்னதுதான். கோக்கோ கசியாது, அது தூள்.

அதனால் வழி என்ன? நிறத்தைப் பெரியதாக்குங்கள். 'லேக்' என்று அச்சிட்ட உணவு நிறத்தூள் பேக்கரி சாமான் கடைகளில் கிடைக்கும். அதே சாயத்தை அலுமினியம் ஹைட்ராக்சைடு துகளில் ஏற்றியிருப்பார்கள், தண்ணீரில் கரையாது. துகளாக இருப்பதால் ஊற்றும்போது அடியில் இறங்கப் பார்க்கும். ஆகவே அகார் கெட்டியாக ஆரம்பிக்கும் நேரத்தில், சுமார் 45 டிகிரியில், கிளறி ஊற்ற வேண்டும். புளிப்பு அதிகமான அடுக்கில் மட்டும் இது சரிப்படாது, அமிலத்தில் சாயம் கழன்றுகொள்ளும். லேக் வேண்டாம் என்றால், சாயத்தைக் குறைத்து, வெள்ளை அடுக்கைத் தடிமனாக்கி, விற்கும் நாள் காலையில் ஊற்றுங்கள். இரண்டாவது யோசனைதான் எனக்குப் பிடித்தது, நிறம் குறைந்த அகார் அகார் பார்க்கவும் நன்றாக இருக்கும்.

லீமாவ் கஸ்தூரி விஷயம் சின்னது. வலை கட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு சங்கிலியும் நாலைந்து இடத்திலாவது பக்கத்துச் சங்கிலியோடு முடிச்சுப் போட நீளம் வேண்டும். புளிப்பும் கொதியும் சேர்ந்தால் அமிலம் சங்கிலியை நடுநடுவே வெட்டும். துண்டுகள் முறுக்கிக்கொள்ளும், ஆனால் ஒரு முடிச்சிலிருந்து இன்னொரு முடிச்சுக்கு எட்டாது. கிடைப்பது வலை இல்லை, கூழ். "சில நாள்" உறையாமல் போகிறது என்றால், அன்று சாறு ஊற்றிய பிறகும் அடுப்பில் வைத்திருந்தீர்கள் என்று அர்த்தம். தூளையும் சர்க்கரையையும் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டு, இறக்கி, ஆவி அடங்கி 60 டிகிரிக்கு வந்ததும் சாறு சேருங்கள். அன்னாசிக்கு அகாரில் இந்தத் தொல்லை இல்லை. அன்னாசியின் நொதி வெட்டுவது புரதச் சங்கிலியைத்தான், அதாவது ஜெலட்டினை.

இனி தேங்காய்ப்பால். இதைத்தான் நீட்டிச் சொல்ல ஆசை, ஏனென்றால் நான் பிறை என்ற ஊரில் ஒரு கையுறை ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். உங்கள் பாட்டிலில் கெட்டுப்போகிற அதே காரியத்தைக் கித்தாப் பாலில் (ரப்பர் மரப் பாலில்) ஒரு காலத்தில் வேண்டுமென்றே செய்து சம்பாதித்திருக்கிறார்கள்.

தேங்காய்ப்பாலில் எண்ணெய்த் துளிகள் மிதக்கின்றன. எண்ணெய் தண்ணீரைவிட லேசு, அதனால் மேலே ஏறும். எவ்வளவு வேகமாக ஏறும் என்பது துளியின் அகலத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்ப மாறும். எட்டு மைக்ரான் அகலத் துளி ஒரு மணி நேரத்தில் சுமார் ஒரு சென்டிமீட்டர் ஏறும். அதையே 0.8 மைக்ரானாக உடைத்தால், அதே ஒரு சென்டிமீட்டருக்கு நாலு நாள். பேக்கட் சந்தான் (கடைத் தேங்காய்ப்பால்) பிரியாமல் நிற்பதில் பாதி ரகசியம் இதுதான், ஆலையில் அதிக அழுத்தத்தில் துளிகளை நசுக்கி உடைக்கிறார்கள். வீட்டு பிளெண்டர் அந்த அளவுக்குப் போகாது. மீதி ரகசியம், துளி மேல் போர்த்தியிருக்கும் புரதம். தேங்காயின் சொந்தப் புரதம் அந்த வேலைக்குச் சுமார் ரகம். 80 டிகிரி தாண்டினால் அது திரிந்து, துளிகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும். ஆலைக்காரர்கள் பால் புரதம் சேர்ப்பது அதற்குத்தான். நீங்களும் பால் மாவு கொஞ்சம் சேர்த்துப் பாருங்கள். அப்புறம், சர்க்கரையால் பானம் கெட்டியாகி நிற்கும் என்று நினைக்க வேண்டாம். பத்து சதவீதச் சர்க்கரைத் தண்ணீர் வெறும் தண்ணீரைவிட மூன்றில் ஒரு பங்குதான் அதிகம் கெட்டி.

சாந்தன் கம் வேறு ரகம். ஒரு பாக்டீரியா செய்யும் சங்கிலி அது, எடை பல லட்சம் என்பதைத் தாண்டி மில்லியன்களில் போகும். 0.3 சதவீதம் கரைத்தாலே, அசையாமல் வைத்த தண்ணீர் ஆயிரம் மடங்குக்கு மேல் கெட்டியாகிவிடும். குலுக்கினால் இளகும், வைத்தால் மீண்டும் கெட்டிப்படும். அப்படியிருக்க ஒரு சிட்டிகை ஏன் எதிர்வேலை செய்கிறது?

அவ்வளவு பெரிய சங்கிலியின் நடு, எண்ணெய்த் துளியின் மேற்பரப்பை நெருங்க முடியாது. நெருங்க வேண்டுமென்றால் மடங்கிச் சுருங்க வேண்டும், அது அதற்குச் செலவு. அதனால் ஒவ்வொரு துளியைச் சுற்றியும் சாந்தன் இல்லாத மெல்லிய தண்ணீர்ப் பட்டை ஒன்று இருக்கும். இரண்டு துளிகள் தற்செயலாக அருகே வந்தால், நடுவில் இருக்கும் சந்து சாந்தன் நுழைய முடியாத அளவுக்குக் குறுகிவிடும். வெளிப்பக்கம் சாந்தன் நிறைந்த தண்ணீர், உள்ளே வெறும் தண்ணீர். சந்திலிருக்கும் தண்ணீர் வெளியே இழுக்கப்பட, துளிகள் இரண்டும் ஒன்றை ஒன்று நோக்கித் தள்ளப்படும். ஒட்டும் பசை எதுவுமே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். 1954இல் அசகுரா, ஓசாவா என்ற இரண்டு ஜப்பானியர்கள் இதை எழுதிக் காட்டினார்கள். சர்க்கரை போன்ற சின்ன மூலக்கூறுக்கும் இந்தப் பட்டை உண்டு, ஆனால் அது ஒரு நானோமீட்டர்கூட இராது, அதனால் யாரையும் அசைக்காது. சங்கிலி பெரிதாகப் பெரிதாகப் பட்டை அகலமாகும், தள்ளும் விசை தூரத்திலிருந்தே வேலை செய்யும்.

துளிகள் கொத்துக் கொத்தாகச் சேர்ந்தால் ஒவ்வொரு கொத்தும் ஒரு பெரிய துளி போல நடக்கும். இருமடிக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டருக்கு அரை கிராம் சாந்தன், அதாவது 0.05 சதவீதம், கொத்துச் சேர்க்கத் தாராளமாகப் போதும். கொத்தை நிறுத்திவைக்கும் கெட்டித்தன்மைக்குப் போதாது. நீங்கள் போட்ட சிட்டிகை அந்தப் பள்ளத்தில் விழுந்திருக்கிறது. லிட்டருக்கு இரண்டிலிருந்து இரண்டரை கிராம் போனால், கொத்துகளே ஒன்றோடொன்று கைகோத்து பாட்டில் முழுக்க ஒரு வலையாகிவிடும், சுற்றியுள்ள தண்ணீரும் அசையவிடாது.

உங்கள் பாட்டிலில் நடந்தது இதுதானா என்று கண்ணாலேயே பார்க்கலாம். துளிகள் தனித்தனியாக ஏறினால், பெரியது முன்னே, சின்னது பின்னே என்று போகும்; அடியில் இருக்கும் தண்ணீர் கலங்கலாக, எல்லைக் கோடு இல்லாமல் மேலே போகப் போக வெளுக்கும். கொத்தாகச் சேர்ந்து ஏறினால் எல்லாரும் ஒரே கூட்டமாகப் போவார்கள். அடியில் கிட்டத்தட்டத் தெளிந்த தண்ணீர், அதற்கு மேல் கத்தியால் வெட்டியது போலக் கோடு. சிட்டிகை போட்ட பாட்டிலில் அந்தக் கோடு தெரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

கித்தாப் பால் கதை இதுதான். மரத்திலிருந்து மங்கில் (பால் பிடிக்கும் கிண்ணத்தில்) விழும் பாலில் ரப்பர் மூலக்கூறு ஒவ்வொன்றும் பத்து லட்சம் எடை வரும். அப்படியிருந்தும் பால் தண்ணீர் போல ஓடும். காரணம், அந்தச் சங்கிலிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரு மைக்ரான் அகலமுள்ள துகள்களுக்குள் சுருண்டு கிடக்கின்றன. வெளியே இருப்பவருக்குத் துகளின் அளவுதான் தெரியும், உள்ளே இருக்கும் மூலக்கூறின் அளவு தெரியாது. துகளைப் போர்த்தியிருக்கும் புரதத்தின் எதிர்மின்னேற்றம் அவற்றை விலக்கி வைக்கும். அமிலம் ஊற்றினால் அந்த மின்னேற்றம் போய்ப் பால் கட்டியாகும், அம்மோனியா ஊற்றினால் பால் பாலாகவே நிற்கும். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதில்லை. அந்தப் பாலைக் கெட்டியாக்க இப்போது மெஷினில் சுழற்றி 60 சதவீத ரப்பருக்குக் கொண்டுவருகிறார்கள். சுழற்றாமல் செய்யும் பழைய வழியில், கடல்பாசியிலிருந்து எடுத்த ஆல்ஜினேட்டையோ, வேகவைத்த புளியங்கொட்டைப் பசையையோ கொஞ்சம் கலந்து தொட்டியில் விடுவார்கள். ரப்பர் துகள்கள் கொத்துச் சேர்ந்து ஏடாக மேலே வரும், அடியில் நிற்கும் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். இதற்கு இன்று சொல்லும் விளக்கம் உங்கள் சாந்தனுக்குச் சொன்ன அதே விளக்கம்தான். ஒரு தொழிலின் செய்முறை இன்னொரு தொழிலின் கோளாறாக இருப்பதை நினைத்து எனக்கு இன்றும் சிரிப்பு வரும்.

கோக்கோ பானம் செய்பவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் ஒரு வார்த்தை. பசும்பாலில் கோக்கோ தூளை நிறுத்த 0.02, 0.03 சதவீத கராகீனன் போதும். சபாவில் செம்பூர்ணா கடலில் வளர்க்கும் பாசியிலிருந்து கிடைக்கும் பொருள் அது. பால் புரதத்தோடு கைகோத்து மெல்லிய வலை கட்டுவதால்தான் அவ்வளவு குறைவு போதுகிறது. பால் சேர்க்காத தேங்காய்ப்பாலில் அந்த அளவை நம்ப வேண்டாம்.

எலுமிச்சை எண்ணெய் எசென்ஸ் சேர்ப்பவர்களுக்கு இன்னொன்று. எலுமிச்சை எண்ணெயில் பெரும்பகுதியாக இருக்கும் மூலக்கூறின் எடை 136தான், தண்ணீரில் கொஞ்சம் கரையும். சின்னத் துளியிலிருந்து கரைந்து போய்ப் பெரிய துளியில் சேரும், சின்னது தேய்ந்து பெரிது பெருக்கும், கடைசியில் மேலே எண்ணெய் வளையம். தேங்காய் எண்ணெயின் மூலக்கூறு பெரியது, தண்ணீரில் கரையாது, அதனால் இந்த வழியில் துளி வளராது. எசென்ஸை முதலில் தேங்காய் எண்ணெயில் கலந்துவிட்டுப் பிறகு பானத்தில் சேர்த்தால் இந்தத் தொல்லை பெருமளவு அடங்கும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. 0.1 கிராம் காட்டும் தராசு ஒன்று வாங்குங்கள், சிட்டிகையை விட்டுவிடுங்கள். சாந்தனை நேராகப் பாலில் தூவினால் மீன்கண் போலக் கட்டிகட்டியாக நிற்கும், உள்ளே நனையவே நனையாது. பத்து மடங்கு சர்க்கரையில் உலர்வாகக் கலந்து, பிளெண்டர் ஓடும்போது தூவுங்கள். ஒரே மாதிரி நாலு பாட்டிலில் லிட்டருக்கு 0, 0.5, 1, 2.5 கிராம் என்று செய்து, குளிர்சாதனப் பெட்டியில் ஓர் இரவு வையுங்கள். என் கணிப்பு, இரண்டாவது பாட்டில்தான் மோசமாகப் பிரிந்திருக்கும், நாலாவது அப்படியே நிற்கும். நாலாவது வாயில் வழுவழுப்பாகத் தெரிந்தால் பால் மாவைக் கூட்டி, சாந்தனை 2 கிராமுக்கு இறக்கிப் பாருங்கள். ஒன்றுக்குக் கீழே மட்டும் இறங்க வேண்டாம். பிரியாமல் நிற்பது வேறு, கெடாமல் இருப்பது வேறு. அழகாக நிற்கும் தேங்காய்ப்பாலும் 30 டிகிரியில் சில மணி நேரத்தில் புளித்துவிடும், சந்தைக்கு ஐஸ் பெட்டியோடுதான் போக வேண்டும்.